புயல் அண்ணனின் ஆயில்

“ஆயில் மட்டும் மாறிப்போச்சுன்னா நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது தம்பி. நல்லாப் பாத்துக் குடு” என்றாள் அவள்.

ஆயில் கடைக்காரர் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். “என்ன அண்ணி, நீங்க வந்திருக்கீங்க? ஆயில் விஷயத்துல புயல் அண்ணன் என்னையே நம்ப மாட்டாரே! டப்பாவைத் திறந்து மோந்து பாத்துட்டுத்தானே வாங்குவாரு.”

“வண்டிக்கு அடியில படுத்திருக்காரு. நீ போய் வாங்கிட்டு வான்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை மலை ரேஸ் இருக்கே.”

“வண்டியைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே?”

போன மாதம் மலை வளைவு ஒன்றில் அவள் கணவருக்குக் கண் இருட்டியபோது, பக்கத்து இருக்கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பியது அவள்தான். கீழே பள்ளத்தில் பெரிய பெரிய மரங்கள் பாசி போலத் தெரிந்தன. இன்னமும் தூக்கத்தில் அவள் கை எதையோ பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

“நானும் சொல்லாத நாள் இல்லை தம்பி. ஊரெல்லாம் வர்றேன்னு சொல்லியாச்சு, இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பின்வாங்கறதுங்கறாரு.”

“முடியாதுங்கற வார்த்தை அவரு வாயில வராதே அண்ணி. வந்திருந்தா அந்தக் குரலை வச்சுக்கிட்டு என் தங்கச்சி கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சுப் பாடியிருப்பாரா?”

அவள் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி, கறுப்பில் ஒன்றும் வெள்ளியில் ஒன்றுமாக இரண்டு டப்பாக்களை மேஜைமேல் வைத்தார்.

“கறுப்பு, கெட்டி ஆயில். பழைய வேக வண்டிக்கு இதுதான். இன்ஜினுக்குள்ள தேய்ஞ்சு தேய்ஞ்சு இடைவெளி விழுந்திருக்கும். கெட்டியா இருந்தாத்தான் நடுவுல நின்னு தாங்கும். இந்த வெள்ளி டப்பா புது வண்டிக்கு. தண்ணி மாதிரி ஓடும்.”

“மாத்தி ஊத்திட்டா?”

“இன்ஜின் சூடானதும் ஆயில் பிரஷரைக் காட்டுற முள்ளு கீழ படுத்துடும். டக் டக்னு தட்ட ஆரம்பிச்சுடும்.”

“எப்போ? வளைவுல போய்க்கிட்டு இருக்கும்போதா?”

“சேச்சே! அவரு வண்டி இருக்கிற இருப்புக்கு, ஷெட்டுல நிறுத்திக் கொஞ்ச நேரம் ஓட விட்டாலே தட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு அண்ணன் வாசல் கேட்டைக்கூடத் தாண்ட மாட்டாரு. நீங்க பயப்படாதீங்க.”

அவள் கறுப்பு டப்பாவை மெல்லப் பின்னால் தள்ளினாள்.

“அப்ப இந்தத் தண்ணியையே குடு.”

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். வெள்ளி டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஷெட்டில் பழைய ஆயில் முழுவதும் தட்டில் வடிந்து முடிந்திருந்தது. அவர் கையைத் துணியில் துடைத்தபடி நின்றார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை அவள் ஒப்பித்தாள். “கடைக்காரத் தம்பிதான் இதைக் குடுத்துச்சு. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

அவர் வெள்ளி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்தார். வீசி எறியப்போகிறார் என்று அவள் சுவரோரம் ஒதுங்கினாள். அவரோ கடைசிச் சொட்டுவரை இன்ஜினில் ஊற்றினார்.

வண்டி முதலில் சமர்த்தாகத்தான் ஓடியது. பிறகு முள் இறங்கியது. பூட்டிய கதவை உள்ளிருந்து யாரோ தட்டுவது போல டக், டக் என்று சத்தம் கிளம்பியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு இன்ஜினை அணைத்தார். போனை எடுத்தார்.

“ஆமாப்பா, இன்ஜின் தட்டுது. ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது, என்னை விட்டுடுங்க. எனக்கென்ன, நான் ரெடிதான்! வண்டி கழுத்தறுத்துடுச்சே, என்ன பண்றது?”

இந்த மனிதனிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டோம் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

“என்னங்க… வண்டி மேல தப்பில்லை. தெரிஞ்சேதான் இந்த ஆயிலை வாங்கிட்டு வந்தேன்.”

அவர் பானெட்டை மெதுவாகச் சாத்தினார்.

“அதுக்குத்தானே உன்னை அனுப்பினேன்.”