கிணற்றடி வல்லாரை

"நிறுத்து புள்ள! உனக்கென்ன விசரா?"

பக்கத்து வீட்டுச் சுலோஜனா வேலிக் கடப்பைத் தாண்டி ஓடிவந்தாள். கிணற்றடியில் குந்தியிருந்த நிருஷா நிமிரவில்லை. வல்லாரைக் கொடிகளை வேரோடு பிடுங்கி ஒரு பக்கம் குவித்துக்கொண்டே இருந்தாள். பாத்தியில் பாதி வெறும் சேறாகிவிட்டது.

மண்டூர் வயல்வட்டையில், வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றிச் சுலோஜனா கொண்டுவந்த கொடி அது. கணுவைச் சேற்றில் அமுக்கி நட்டதும் அவள்தான். வாவியின் உப்புக் காற்றுப் படாமல் தென்னங்கிடுகு மறைப்புக் கட்டியதும் அவள்தான். பாதி வெயில் போதும், மண் காயக் கூடாது, சவர்க்காரத் தண்ணீர் பட்டால் அழுகிவிடும், இலையைக் காம்போடு கிள்ளு, கணுவில் கை வைக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

எல்லாம் நிருஷாவின் மாமனார் கனகசூரியத்தாருக்காக. போன மார்கழியில் தோணி கவிழ்ந்து, அவருடைய மகன், நிருஷாவின் புருசன் உதயரூபன், வாவியோடு போனான். அதோடு அவருக்கு நினைவும் தப்பிவிட்டது. மகனின் சாவையும் செத்த வீட்டையும் மறந்துவிட்டார். "உதயன் வந்திட்டானா?" என்று நாளுக்குப் பத்துத் தரம் கேட்பார். நிருஷாவும் கூசாமல், "இப்ப வந்திடுவார் மாமா" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சுலோஜனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று மாதம் விடாமல் வல்லாரைச் சம்பல். போன கிழமை அவர் சுலோஜனாவை உற்றுப் பார்த்து, "நீ நல்லரத்தினத்தின்ட மகள்தானே?" என்று கேட்டார். அவள் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

"மனிசன் இப்பதான் ஆளை மட்டுக்கட்டத் தொடங்கியிருக்கார். இந்த நேரம் பார்த்தா பிடுங்குவாய்?"

"வேணாம் அக்கா. இது இனி இந்த வளவுக்குள்ள வேணாம்."

"எனக்கு விளங்குது. அவருக்குப் புத்தி தெளிஞ்சா உனக்குக் கரைச்சல். இப்பிடியே கிடந்தா வீடும் வளவும் உன்ட கையில."

நிருஷா பிடித்து இழுத்தாள். இன்னொரு பிடி கொடி வந்தது.

"வாயைத் திறவன்! பெத்த புள்ள செத்ததை நினைச்சு அழுறதுக்காவது அந்த மனிசனை விடன்!"

நிருஷாவின் கை நின்றது.

"நேத்துப் பின்னேரம் அழுதார் அக்கா."

"என்ன?"

"எல்லாம் ஞாபகம் வந்திட்டு."

சுலோஜனாவின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா? நான் சொன்னன்தானே!"

"அண்டைக்குக் காத்துக் கடுமை. தோணியில போக ஏலாதெண்டு என்ட அவர் பாயில படுத்துக் கிடந்தார். மாமாதான், 'நீயெல்லாம் ஒரு ஆம்புளையா' எண்டு ஏசி அனுப்பினவர். எங்க ரெண்டு பேரையும் தவிர ஒருத்தருக்கும் தெரியா. நேத்து அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி என்ட கால்ல விழுந்தார்."

சுலோஜனா மெல்லக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தாள்.

"விடியப் பார்த்தா ஆளைக் காணல்ல. வாவிக்குள்ள, கழுத்தளவு தண்ணியில நிண்டார். கத்திக்கொண்டு போய் இழுத்து வந்தன். கரையில இருத்தித் தலை துடைச்சா, என்னைப் பார்த்து, 'நான் ஏன் புள்ள நனைஞ்சிருக்கன்?' எண்டு கேட்டார்."

அவள் மறுபடி சேற்றுக்குள் கையை விட்டாள்.

"மறந்திட்டார் அக்கா. இன்னொருக்கா ஞாபகம் வர நான் விடமாட்டன்."