பதினான்காம் நம்பர் போர்டு

"நான் உன்னையப் பாக்கவே இல்லத்தா."

அவள் மூன்றாவது முறை விழுந்தபோதும் அதே சொல்.

அவள் சாக்கடை விளிம்பில் உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டிய மணலை ஊதினாள். சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. அதன் முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பதினான்காம் நம்பர் பஸ் டிப்போ வாசலில் பாதி நுழைந்து நின்றது. டிரைவர் அல்போன்ஸ் இறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

பகல் மணி ஒன்றரை. அவள் போட்டிருந்தது, டிப்போவில் பஸ் கூட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் ஆரஞ்சு மேல்சட்டை. தெருக்கோடியில் வந்தாலும் கண்ணைக் குத்தும். பாலம் இறங்கும்போதே மணியும் அடித்திருந்தாள்.

"பொய் சொல்லாதீங்கண்ணே."

"என் புள்ள மேல சத்தியமா."

அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஆரஞ்சு நிறம் எங்கே போயிற்று?

ஷிப்ட் மாறுவதற்காகப் பதினான்காம் நம்பர் டிப்போவுக்குத் திரும்பும் நேரமும், அவள் வேலைக்கு வரும் நேரமும் ஒன்று. அவள் இருக்கும் பக்கத்துக்குப் பஸ் கிடையாது. தண்டவாளத்தைத் தாண்ட வேறு பாலமும் கிடையாது. பாலம் இறங்கியதும் இருவரும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் ஓரமாகவே போவாள். ஓரமாகப் போ என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

பஸ் திரும்பி நெருக்கியபோதெல்லாம் இதுவரை இடப்பக்கம் விழுந்தாள். சாக்கடை.

வலப்பக்கம் விழுந்தால் பின்சக்கரம்.

அந்த வாரம் பதினான்காம் நம்பர் பஸ்ஸைக் கூட்டும் முறை அவளுடையது.

கூட்டி முடித்தாள். ஸ்டியரிங்கைத் துடைத்தாள். பிறகு கீழே இறங்கி, தன் சைக்கிளைத் தள்ளிவந்து பஸ்ஸின் இடப்பக்கம், முன்மூலைக்குச் சற்று முன்னே தள்ளி ஸ்டாண்டு போட்டாள். துடைப்பத்தைச் சீட்டோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டினாள். தன் தலை உயரம் வரும்படி பார்த்து, அதில் மேல்சட்டையை மாட்டினாள்.

ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

சைக்கிள் இல்லை.

இறங்கினாள். இருந்தது.

ஏறினாள். இல்லை.

பக்கக் கண்ணாடியில் தேடினாள். பின்வாசல் படி தெரிந்தது. பக்கக் கண்ணாடி பின்னால் இருப்பதைத்தான் காட்டும். சைக்கிளோ அதற்கும் முன்னால் நின்றது. கதவுப் பக்கம் குனிந்து தேடினாள். தகரம்தான் தெரிந்தது.

கடைசியில் முன்கண்ணாடியின் இடது மூலை. அங்கே ஒரு போர்டு சாய்ந்திருந்தது.

பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடும் விளக்குப் பலகை ஐப்பசி மழையில் அணைந்துபோனது. பழுது நோட்டில் எழுதினார்கள். யாரும் வரவில்லை. அதனால் தகரத்தில் நம்பரும் ஊரும் எழுதி உள்ளே சாய்த்து வைத்தார்கள். ஜனம் ஏறுவது இடப்பக்கம். ஆகவே போர்டும் இடப்பக்கம்.

போர்டைக் கையால் தூக்கினாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஆரஞ்சு நிறம் வந்து நின்றது.

வைத்தாள். போயிற்று.

தூக்கினாள். வந்தது.

நான்கைந்து தடவை செய்து பார்த்தாள். சின்னத் தகரம்தான். இரண்டு கை அகலம்கூட இல்லை. ஆனால் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்த உள்ளங்கை ஒரு வீட்டையே மறைத்துவிடும். வலது ஓரத்தில் உட்கார்ந்தவர் இடது ஓரத்தைப் பார்க்கிற அந்த ஒரு கோட்டில், சரியாகச் சைக்கிள்காரர்களின் தலை மட்டத்துக்கு, அது உட்கார்ந்திருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த அல்போன்ஸிடம் ஓடினாள். தூக்கியும் வைத்தும் காட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு விடுகதையை அவிழ்த்துவிட்ட சந்தோஷம்கூட இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார்.

"அட, ஆமா."

"எடுத்துருங்கண்ணே."

"எடுத்துட்டா ஜனம் எப்படித்தா ஏறும்? ஒவ்வொரு ஸ்டாப்லயும் எங்க போவுது, எங்க போவுதுன்னு கேட்டு நின்னா, என் டைமை யாரு குடுப்பா?"

"வலப்பக்கம் வைங்களேன்."

"அந்தப் பக்கம் வெச்சா எனக்கு ரோடே தெரியாது."

"அப்ப நான்?"

"நீ ஒரு ஆளு. ஸ்டாப்புக்கு இருவது பேரு நிக்கிறாங்க." வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "நீதான் பாத்து வரணும். இப்பத்தான் தெரிஞ்சுபோச்சுல்ல?"

அவர் போனதும் அவளே போர்டை எடுத்து நடுவில் வைத்தாள்.

மறுநாள் கூட்ட ஏறியபோது அது இடது மூலையில் இருந்தது. கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல முறுக்கு.

அதற்கடுத்த நாள் மதியம் பாலம் ஏறி இறங்கினாள். பின்னால் பதினான்கின் இரைச்சல் கேட்டது. எப்போதும்போல் கால்கள் ஓரத்துக்கு ஒதுங்கப் பார்த்தன.

ஒதுங்கவில்லை.

ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்து, ரோட்டின் நடுவுக்குப் போனாள். பஸ்ஸுக்கு நேர் முன்னால்.

ஹாரன் முதுகில் அறைந்தது. பிரேக் கீச்சிட்டது. ஜன்னலுக்கு வெளியே அல்போன்ஸின் தலை வந்தது.

"ஏய்! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா? உங்கப்பன் போட்ட ரோடா இது?"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அவசரப்படாமல் மிதித்தாள். பஸ் அவள் வேகத்துக்கு அவள் பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. அவள் திரும்பிய பிறகுதான் அதுவும் திரும்பியது.

மூன்று முறை விழுந்தபோதும் அவர் ஒரு வார்த்தை திட்டியதில்லை.

நடுரோட்டில் போனால் திட்டுவார். திட்டினால், பார்த்துவிட்டார்.