குடை சொன்ன புகார்

மரகதம் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கூழ்வடகம் பிழிந்திருந்தாள். காகம் அண்டாமல் இருக்க, நடுவில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டுக் கீழே போனாள். மதியத்துக்குள் வேட்டியின் ஒரு மூலை காலியாகிவிட்டது.

"கொள்ளைக்காரா," என்று குடை கைப்பிடிச் சுவரில் இருந்த காகத்தைப் பார்த்துக் கத்தியது. "திருட்டுப் பயலே. உங்க குடும்பமே களவாணிக் குடும்பம்."

காகம் நாலு தடவை கரைந்தது. தெருவிலிருந்த காகமெல்லாம் பறந்து வந்து சுவரில் வரிசையாக உட்கார்ந்தன.

"இப்பச் சொல்லு. வடகத்தை எடுத்தது நானா?" என்று கேட்டது முதல் காகம்.

"நீதான்."

"நீ இப்படி விரிஞ்சு நிக்கும்போதேவா?"

"ஆமா."

"அப்படின்னா உன்னைப் பார்த்துக் காகம் பயப்படுறதில்லை. மரகதம் மேல வந்ததும் அதையே சொல்லிடுறேன். நாளையிலேருந்து நீ பரண்ல கிடக்கலாம்."

குடை சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டது. "திருடன்னு நான் அடிச்சுச் சொல்லலை. ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

"யார் மேல?"

"யார் மேலயும் இல்லை. காத்துல பறந்திருக்கும். நீங்கல்லாம் என் பக்கமே வந்ததில்லை."

"இன்னொரு தரம். சத்தமா."

குடை சத்தமாகச் சொன்னது. தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி காகங்கள் கரைந்து தீர்த்தன.

குடை நிழலில் உட்கார்ந்து வடகம் கொறித்துக்கொண்டிருந்த அணில் வாயைத் துடைத்துக்கொண்டது. "ஆமா," என்றது, "இன்னிக்கு நல்ல காத்து."