பக்கத்துக் கட்டில்

அவள் பேச ஆரம்பித்ததும் அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். இன்றுதான் முதல்முறையாக வந்திருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகச் சொன்னாள். நடுநடுவே மூச்சுக்காக நின்றாள்.

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ்த்தள வகுப்பறை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. சிறுவயதில் போலியோ வந்து, அதோடு வாழப் பழகி, ஐம்பதைத் தாண்டியபின் மறுபடி தளரத் தொடங்கியவர்கள் பதினான்கு பேர். நல்ல கால் என்று நம்பியிருந்த கால் திடீரென்று மடங்குகிறது. தோள் உயர மறுக்கிறது. சிலருக்கு மூச்சு.

வெளியே எல்லோரும் வயசாகிவிட்டது என்கிறார்கள். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சின்னப்புள்ளையில ஒருதடவ இப்படித்தான் மூச்சு நின்னுச்சு. எட்டு வயசு எனக்கு. ஆஸ்பத்திரில, மத்தியானம், எல்லாரும் தூங்குற நேரம். கத்த முடியல. பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் இருந்தான். அவனக் கூப்பிட்டேன். பாவம், அசந்து தூங்கிட்டான்."

பினாயில் வாசனை அடித்தது அவனுக்கு. அறையில் வேறு யாருக்கும் அடித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பையன் தூங்கவில்லை.

ஏழு வயது அவனுக்கு. இரண்டு கால்களிலும் மாவுக்கட்டு. பக்கத்துக் கட்டிலில் செண்பகம். மேற்கூரையில் ஈரம் படிந்த இடத்தைக் காட்டி, அது யானை, இது யானை ஏறப்போகிற மலை என்பாள். முந்தின நாள் மத்தியானத் தூக்க நேரத்தில் அவன் தண்ணீர் கேட்டுக் கத்தினான். அதற்காக ஆயா சாயங்காலப் பன்னைத் தரவில்லை.

"டேய் தனுஷ்கோடி. மூச்சு வரலடா. ஆயாவக் கூப்பிடு."

திரும்பவும் கூப்பிட்டாள். பிறகு ஒருமுறை. அப்போது பெயர் பாதிதான் வந்தது.

அவன் கண்களை இறுக்கிக்கொண்டான். பன்னை நினைத்தான்.

நினைத்தபடியே நிஜமாகவே தூங்கியும் போனான். விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"அவ போயிட்டா" என்றாள் ஆயா.

எங்கே என்று அவன் கேட்கவில்லை.

அன்று பன் கிடைத்தது. தின்றான்.

அதன்பிறகு நாற்பத்தாறு வருடங்களில் ஒரு மத்தியானம்கூட அவன் கண்ணயர்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப்பின் வீடே தூங்கும். ஃபேன் சத்தத்துக்குள்ளிருந்து யாரோ அவன் பெயரில் பாதியைச் சொல்வார்கள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுவான். மனைவி, மகள், மாமியார், ஒவ்வொருவர் நெஞ்சும் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பான். ஏன் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"தற்செயலா ஒரு நர்ஸ் வந்துருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிருக்காங்க. அப்படியே பொழச்சு வீட்டுக்குப் போயிட்டேன்."

நாற்பத்தாறு வருடங்களாகச் செத்துக்கொண்டே இருந்தவள் எட்டடி தூரத்தில் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

நெஞ்சு லேசாகும் என்று காத்திருந்தான். ஆகவில்லை.

கூட்டத்தை நடத்தும் ரெஜினா டீச்சர் நோட்டை எடுத்தார். தனியாக இருப்பவர்களுக்கு இங்கே ஆளுக்கொரு துணை உண்டு. முடியாதபோது போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், பேச வேண்டியதில்லை. துணையாக இருப்பவர் நூற்றியெட்டைக் கூப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். வீட்டின் இன்னொரு சாவி அவரிடம் இருக்கும்.

"செண்பகத்துக்கு யாரு? எந்நேரம் அடிச்சாலும் எழுந்திருக்கணும்."

இரண்டு கைகள் உயர்ந்தன.

அவன் கை உயரவில்லை. பெஞ்சைப் பிடித்து, ஊன்றுகோலை ஊன்றி, மெதுவாக எழுந்து நின்றான்.

"அந்தப் பையன் தூங்கல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாந்தான். தனுஷ்கோடி. முழிச்சுத்தான் கெடந்தேன். நீங்க கூப்பிட்டது எல்லாமே கேட்டுச்சு."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். முதலில் அவன் கால்களைப் பார்த்தாள். அப்புறம் முகத்தை.

"தெரியும்" என்றாள்.

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கண்ண அம்புட்டு இறுக்கமா மூடிக்கிட்டு யாரு தூங்குவா? எங்கம்மாகிட்டகூட தூங்கிட்டான்னுதான் சொன்னேன். அவங்க உங்களத் திட்டக் கூடாதுன்னு."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவன் நின்றான். அவள் திட்டவில்லை.

யாரோ இருமினார்கள். உயர்ந்த கைகள் இன்னும் இறங்கவில்லை. ரெஜினா டீச்சர் பேனாவை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு பேரையே எழுதுங்க டீச்சர்."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"மத்தவங்க அசந்து தூங்கிருவாங்க." செண்பகம் பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்தாள். "இவரு தூங்க மாட்டாரு."

சாவியை நீட்டினாள்.

நடுவே எட்டடி. இப்போதெல்லாம் அவனுக்கு அது நீண்ட தூரம். இடது காலை இழுத்து, நின்று, மறுபடி இழுத்தான். யாரும் எழுந்து சாவியை வாங்கிக் கொடுக்கவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் காத்திருக்கத் தெரியும்.

அவன் வந்துசேரும் வரை அவள் கையை இறக்கவில்லை.