நாற்பத்தேழாவது மேற்கோள்

மாலை நான்கு மணிக்கே மழை இருட்டு. கல்லூரியில் மின்சாரம் இல்லை. பேராசிரியர் வெங்கட்ராகவன் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே நிற்கும் மாணவி ஃபஹ்மிதாவின் ஆய்வேட்டைப் புரட்டுகிறார். முன்னாய்வுகள் பற்றிய அத்தியாயத்தை ஏஐதான் எழுதியது என்று அவள் சொல்லவில்லை. சிவப்புப் பேனா நாற்பத்தேழாவது மேற்கோளில் நிற்கிறது. கடைமடை வயல்களில் உப்பேறுவது பற்றி, அவர் பெயரிலேயே ஒரு கட்டுரை. "இத எங்கம்மா படிச்ச?" கையிலிருக்கும் இன்னொரு பிரதியின் ஸ்பைரல் கம்பியை அவள் நகம் நெருடுகிறது. "நெட்லதான் சார்..." "நான் இப்படி ஒண்ணு எழுதவே இல்லையே." தகரக் கூரையில் மழை வலுக்கிறது. இந்த மாதத்தோடு ஓய்வு பெறப்போகிறவர் தலைப்பை மறுபடியும் வாசிக்கிறார். "எழுதணும்னு இருபது வருஷமா நெனச்சிட்டே இருந்தேன்மா." தலைப்பின் மேல் படாமல், பேனா அவர் பெயரை மட்டும் அடிக்கிறது.