யாருக்காக அறுத்த கோழி?

புனே, கிர்க்கி குவார்ட்டர்ஸுக்குப் புத்த பிக்கு சாப்பிட வருகிறார். தவமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிக்குவை மரியாதையாக அழைக்க, காலையிலிருந்து ‘பந்தே, பந்தே’ என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

“பஞ்சசீலம் எடுத்து நானே பாட்டிலை விட்டாச்சு. உன்னால ஒரு கோழியை விட முடியல” என்றார் கணவர் ஜெயசீலன்.

“பந்தே கறி சாப்பிடலாம். அவருக்காக அறுத்ததா மட்டும் இருக்கக் கூடாது. புத்த விஹார்ல விசாரிச்சுட்டேன்.”

பிக்கு வந்து அமர்ந்தார். தவமணி குழம்புக் கரண்டியை நீட்டினாள்.

“இது யாருக்காக அறுத்தது?”

பதில் அவளிடம் தயாராக இருந்தது.

“எம் மவன் சபரிக்காக, பந்தே. சின்ன வயசுலேர்ந்து அவனுக்குக் கோழின்னா உசுரு.”

பிக்கு தட்டைக் கையால் மூடினார். மொட்டைத் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அந்தச் சபரி நான்தானேம்மா. ரசம் ஊத்து.”