அவையில் நான் நலம்

என்னைப் பார்த்ததுமே எக்ஸ்ரே எடுக்கும் சிவசங்கர் அண்ணன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டார்.

நெஞ்சை ஒரு படம் எடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தேன். அதற்கே இந்தக் காவல்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அப்படியே சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தேன். துணைக்கு ஐஸ்வர்யா. வல்லம் வடகால் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டமன்றத்தில் என் பெயர் அடிபட்ட வீடியோவை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழி பிரபலமாகிவிட்டாள் என்று அவளுக்குப் பெருமை.

பெருமைதான்.

போன மாதம் எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று இங்கே வந்தது. எக்ஸ்ரே படத்தைத் தானே பார்த்து நோயைச் சொல்லும் ஏஐ மெஷின் புதிதாக வந்திருந்தது. அதை நேரில் இயக்கிக் காட்ட வேண்டும். நிஜ நோயாளியை நிறுத்தினால் எம்.எல்.ஏ. மேல் இருமித் தொலைத்துவிடுவான். அதனால் எங்கள் கம்பெனிக்குச் சொல்லி, பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பெண்கள் சிலரை யூனிஃபார்மோடு வரவழைத்தார்கள். அரை நாள் லைனில் நின்று வேலை பார்க்க வேண்டாமே என்று நானும் போனேன்.

மற்றவர்களுக்கெல்லாம் பச்சை விழுந்தது. என் படத்தில் மட்டும் மெஷின் சிவப்பு வட்டம் போட்டது. காசநோயாக இருக்கலாம் என்றது.

பெரிய டாக்டர், மெஷின் புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

ராத்திரி ஹாஸ்டலில் படுத்தால் இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். திரும்ப வந்து கேட்டேன். கூப்பிடுகிறோம் என்றார்கள்.

அவர்கள் கூப்பிடவில்லை. சட்டமன்றம்தான் கூப்பிட்டது.

அரசு மருத்துவமனைகளில் ஏஐ வேண்டுமா, வேண்டாமா என்று அன்றைக்கு விவாதம். எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்தார். ஒரகடம் பக்கத்தில் காவேரி என்றொரு சகோதரி, நல்ல திடகாத்திரமான பெண், அவரையே காசநோய்க்காரி ஆக்கிய மெஷின் இது, இதை நம்பியா ஏழைகளின் உயிரை ஒப்படைக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் பக்கத்து ஆட்கள் மேசையைத் தட்டினார்கள்.

அமைச்சர் எழுந்தார். மெஷின் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்றார். அந்தச் சகோதரிக்கு உடனடியாகச் சிகிச்சை தரப்பட்டது, இன்று அவர் பூரண குணமடைந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்றார். இந்தப் பக்கம் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று இந்த நிலையத்துச் சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. நான் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாமல் ஒரே மாதத்தில் குணமாகிவிட்டேன். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அவையில் ஒருவருக்கும் கணக்கு உதைக்கவில்லை.

மெஷின் சரியா தப்பா என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. நான் நன்றாக இருக்கிறேன் என்பதில் இரண்டு பக்கமும் ஒற்றுமை.

எதிர்க்கட்சி உறுப்பினரின் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"நீ நல்லா கீறன்றதுதாம்மா அண்ணனோட பாயிண்டே. அத்த நீயே ஒடைக்கலாமா?"

அந்தக் கதவும் மூடியதால்தான் இந்தக் கதவின் முன் வந்து நிற்கிறேன்.

சிவசங்கர் அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அமைச்சர் பேசிய அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் என் பெயருக்கு நேரே 'குணமடைந்தார்' என்று ஏற்றச் சொல்லிவிட்டார்களாம். ஏற்றியதே அவர்தானாம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

வெளியே காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் மாத்திரை தருவீர்களா என்று கேட்டேன். உனக்கு மாத்திரை தந்தால் அமைச்சர் அவையில் பொய் சொன்னதாக ஆகிவிடாதா என்றார்.

"இன்னாம்மா பண்ணச் சொல்ற என்னை? மெஷின் மறுபடி வட்டம் போட்டுச்சுன்னா, யாருக்குன்னு நான் பதில் சொல்றது?"

நான் கதவை விட்டு நகரவில்லை.

அவர் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைப் பாதி திறந்தார். குரலை இறக்கிக்கொண்டார்.

"வேற யார் பேர்லயாவது எடுத்துடலாம். ஆதார் மட்டும் வேணும். சீக்கிரம் சொல்லு."

வேறு யார்? வாசலைப் பார்த்தேன்.

கேட்டால் மறுபேச்சில்லாமல் தருவாள். எனக்குக் குளிரெடுத்த ராத்திரிகளில் தன் போர்வையை என் மேல் போட்டு, கூடவே படுத்துக்கொண்டவள். என் பெயரை அவை பறித்துக்கொண்டால் அவள் பெயரில் நான் பிழைத்துக்கொள்ளலாம். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஐஸ்வர்யா" என்றேன்.

அவர் உள்ளே போய் எழுதத் தொடங்கினார்.

வெளியே வீடியோ மறுபடியும் மேசை தட்டும் இடத்துக்கு வந்திருந்தது. தட்டல் ஓய்ந்தபோது ஓர் இருமல் கேட்டது. துப்பட்டாவால் வாயை அடைத்தும் அடங்காமல், பின்னாலேயே இன்னொன்று.

நான் இருமவில்லை.

"உள்ளே வாம்மா" என்று சிவசங்கர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

நான் வாசலுக்குப் போய் ஐஸ்வர்யாவின் கையைப் பிடித்து எழுப்பி, அவளை உள்ளே அனுப்பினேன். அவள் பெயர் அவளுக்கே வேண்டியிருந்தது.